மூன்று ஸ்க்ரீனில் கிளிமூக்கு மாங்காய் அட்டை: ஓவியம் முதல் அச்சு வரை முழுமையான வழிகாட்டி

கையால் ஸ்க்ரீன் அச்சிடும் (பிரேமில் கட்டிய வலைத்துணி வழியாகத் தாளில் மையைத் தள்ளும் முறை; ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்க்ரீன்) வாழ்த்து அட்டை, A5 தாளை நடுவில் மடித்த A6 அளவு, 50 எண்ணிக்கை. இந்தக் கணக்கை வைத்துத்தான் கீழே உள்ள படிகள் எழுதப்பட்டிருக்கின்றன. எடுத்துக்காட்டுப் படம் கிருஷ்ணகிரிப் பக்கம் தோப்புக்குத் தோப்பு காய்க்கும் பெங்களூரா மாம்பழம். நுனி வளைந்திருப்பதால் கிளிமூக்கு என்று சொல்வோமே, அது.

புதிதாக வருபவர்களில் பலர் முதலில் ஆசைதீர ஓர் ஓவியம் தீட்டிவிடுகிறார்கள். அதை அச்சுக்கு எப்படிக் கொண்டுவருவது என்று பிறகுதான் யோசிக்கிறார்கள். இருபது நிறம் குழைத்த படத்தை மூன்று ஸ்க்ரீனுக்குள் அடைக்கப் பார்த்தால் படமும் கெடும், மூன்று நாள் வேலையும் வீண். எந்த மூன்று மையில் அச்சிடப் போகிறீர்களோ, அந்த மூன்றை மட்டும் வைத்து ஓவியம் தீட்டுங்கள். கீழே உள்ள வரிசை முழுக்க இதையொட்டித்தான் போகிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் வாங்க வேண்டியது கவர். அட்டையை அச்சடித்து முடித்துவிட்டு அதற்கேற்ற கவர் தேடி அலைபவர்கள் அதிகம். A6 அட்டைக்கு C6 கவர் (114 × 162 மி.மீ.) சரியாக இருக்கும். கடையில் அந்த அளவு கிடைக்கவில்லை என்றால், கிடைக்கும் கவருக்கு ஏற்ப அட்டையின் அளவை இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.

தாள்: 250 முதல் 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), பளபளப்புப் பூச்சு இல்லாதது. பூச்சுள்ள ஆர்ட் கார்டில் தண்ணீர் கலந்த மை ஊறாமல் மேலேயே நிற்கும், விரல் பட்டால் இழுக்கும். 50 அட்டை வேண்டுமென்றால் 65 தாளாவது வெட்டி வையுங்கள். மூன்று முறை அச்சிடும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு மூன்று கழியும். A3 தாள் ஒன்றில் நான்கு A5 வரும். 17 தாள் வாங்கினால் 68 கிடைக்கும்.

தாளில் நார் ஓடும் திசையையும் பாருங்கள். தாளை மெதுவாக வளைத்தால் ஒரு பக்கம் எளிதாக வளையும், மறுபக்கம் முரண்டு பிடிக்கும். எளிதாக வளையும் பக்கமே மடிப்பு வர வேண்டும். மாற்றி வந்தால் மடிப்பில் தாள் வெடித்து, அங்கே மை இருந்தால் வெள்ளைக் கீறல் தெரியும். பெரிய ஷீட்டிலிருந்து கடைக்காரரே வெட்டித் தருவதாக இருந்தால், வெட்டும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.

ஸ்க்ரீன்: உள்ளளவு சுமார் 30 × 40 செ.மீ. உள்ள பிரேம் மூன்று. படத்துக்கும் பிரேமுக்கும் நடுவே பக்கவாட்டில் 7 செ.மீ., மேலும் கீழும் 10 செ.மீ. இடம் வேண்டும். இடம் குறைந்தால் பிரேம் ஓரத்தில் மெஷ் (இழுத்துக் கட்டிய வலைத்துணி) விறைப்பாக நின்று ஸ்குவீஜி (மையைத் தள்ளும் ரப்பர் பட்டை) சமமாக அழுத்தாது. மெஷ் செ.மீ.க்கு 77 முதல் 90 நூல்.

இந்த எண்ணில் ஒரு குழப்பம் உண்டு. “120 மெஷ் கொடுங்க” என்று கேட்டால், சிலர் செ.மீ.க்கு 120 நூல் உள்ள மெல்லிய துணியைத் தருவார்கள். சிலர் அங்குலத்துக்கு 120 உள்ளதைத் தருவார்கள். அது செ.மீ.க்கு 47தான், டீ-சர்ட்டுக்கானது. நமக்கு வேண்டியது அங்குலக் கணக்கில் 195 முதல் 230. செ.மீ.யா, அங்குலமா என்று சேர்த்தே கேளுங்கள். இழுத்துக் கட்டிய பிரேமாகவே வாங்குவது நல்லது. கையால் ஆணி அடித்துக் கட்டிய மெஷ் தொய்ந்து, இரண்டாம் நிறம் இடம் மாறிவிடும். ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு பக்கம், தருமபுரிக்காரர்களுக்குச் சேலம்.

எமல்ஷன்: மெஷ்ஷில் பூசும் திரவம் இது. வெளிச்சம் பட்ட இடம் வெந்து இறுகி மையைத் தடுக்கும், படாத இடம் கழுவினால் கரைந்து மைக்கு வழி விடும். தண்ணீர் மையைத் தாங்கும் வகை என்று டப்பாவில் போட்டிருக்கிறதா பாருங்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் பட்டறைகளில் பெரும்பாலும் ஆயில் மைக்கான எமல்ஷன்தான் இருக்கும். அதில் தண்ணீர் மை போட்டால் இருபதாவது தாளுக்குள் ஓரங்கள் கரையத் தொடங்கும். மை கெட்டுவிட்டது என்று நினைத்து மையை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பைகுரோமேட் பொடி கலக்கும் பழைய முறை மலிவுதான், ஆனால் அது புற்றுநோய் உண்டாக்கும் நஞ்சு. கிணற்றடியில் கழுவும் வீட்டுக்குள் அதைக் கொண்டுவராதீர்கள். கலந்தே வரும் போட்டோபாலிமர் எமல்ஷன் போதும்.

மற்றவை: படத்தைவிட இருபுறமும் 2 செ.மீ. அகலமான ஸ்குவீஜி (ரப்பர் 65–70 கடினம்), எமல்ஷன் பூசும் கோட்டர், அக்ரிலிக் நிறங்கள், ஸ்க்ரீன் பிரிண்டிங் மீடியம் (அக்ரிலிக் மெஷ்ஷில் சீக்கிரம் காயாமல் இருக்கக் கலப்பது), ட்ரேசிங் ஷீட், கறுப்பு இங்க், 5 மி.மீ. கண்ணாடி, இரண்டு கீல் கிளாம்ப், சன்மைக்கா ஒட்டிய பலகை, பிரவுன் டேப், தெளிப்பான்.

2. மூன்று நிறத்தில் எட்டு

மஞ்சள், சிவப்பு, நீலம். மூன்றும் ஊடுருவித் தெரியும் வகையாக இருக்க வேண்டும். பல அக்ரிலிக் ட்யூப்களின் பின்பக்கம் சின்னச் சதுரம் ஒன்று இருக்கும்: உள்ளே காலியாக இருந்தால் ஊடுருவும், நிரம்பியிருந்தால் மூடிவிடும். காட்மியம் மஞ்சள் மூடும் வகை, தவிர்த்துவிடுங்கள். லெமன் மஞ்சள் வாங்கினாலும் இந்தக் குறியைப் பார்த்தே வாங்குங்கள்.

அச்சிடப் போகும் அதே தாளில், மீடியம் கலந்து மெல்லியதாக மூன்று பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்று குறுக்கிட்டுப் பூசுங்கள். தனி நிறம் மூன்று, இரண்டிரண்டாகச் சேர்ந்தது மூன்று, மூன்றும் சேர்ந்தது ஒன்று, வெறும் தாள் ஒன்று. மொத்தம் எட்டு. படத்தில் இந்த எட்டைத் தவிர வேறு எதுவும் வர முடியாது. இந்தத் துண்டுத் தாளை வேலை முடியும்வரை மேசையில் ஒட்டி வையுங்கள்.

3. ஓவியம்

5 × 7 செ.மீ. கட்டங்களில் ஆறு சின்னப் படங்கள் பென்சிலில் போடுங்கள். தேர்ந்தெடுத்த ஒன்றை A5 அளவில் வரையுங்கள். அதை 71 சதவீதமாகக் குறைத்தால் A6. பெரிதாக வரைந்து குறைக்கும்போது கை நடுக்கமும் குறைந்து தெரியும். ஆனால் கோடுகளைக் கவனியுங்கள்: அட்டையில் 0.4 மி.மீ.க்குக் கீழே போகும் கோடு இந்த மெஷ்ஷில் விட்டு விட்டு விழும். A5 படத்தில் எந்தக் கோடும் 0.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது.

மஞ்சளை முழுக்கப் பூசிக் காயவிட்டு, சிவப்பு, பிறகு நீலம். அச்சில் வரும் வரிசையும் இதேதான். வாட்டர்கலர் இதற்கு வேண்டாம். மேல் பூச்சின் ஈரம் பட்டதும் கீழ்நிறம் எழுந்து கலங்கிவிடும். அக்ரிலிக் காய்ந்தால் அசையாது.

கிளிமூக்கில் இது எப்படி அமைகிறது என்று பார்க்கலாம். பழம், இலை, காம்பு மூன்றின்மேலும் மஞ்சள். பழத்தின் தோளில் படரும் செம்மைக்குச் சிவப்பு. மஞ்சளின் மேல் விழுவதால் அது ஆரஞ்சாகத் தெரியும். இலைமேல் நீலம் விழுந்தால் பச்சை. இலை நரம்பு இருக்கும் இடத்தில் மட்டும் நீலத்தை விட்டுவிட்டால், அடியில் உள்ள மஞ்சளே நரம்பாகிவிடும், தனியாக வரைய வேண்டியதில்லை. காம்பில் மூன்றும் விழுகின்றன, பழுப்பு வருகிறது. பழத்துக்கு அடியில் தாளின் மேல் வெறும் நீலத்தில் ஒரு நிழல். மூன்று மை, தாளின் வெள்ளையோடு சேர்த்துப் பார்ப்பவருக்கு ஆறு நிறம்.

தோளின் செம்மை மெல்ல மங்க வேண்டும் என்று தோன்றும். ஸ்க்ரீனில் மங்கல் கிடையாது. மை விழும் அல்லது விழாது. உலர்ந்த தூரிகையில் கொஞ்சமாக நிறம் தொட்டு இழுத்தால் பொரிபொரியாக விழுமே, அதுதான் மங்கலுக்கு மாற்று. மாம்பழத் தோலின் புள்ளிகளுக்கும் அது பொருந்திவிடுகிறது.

வாழ்த்து வரியை நீல ஸ்க்ரீனில் மட்டும், வெறும் தாளின் மேல் வையுங்கள். எழுத்து 14 புள்ளிக்குக் குறைய வேண்டாம். ண, ஞ போன்ற எழுத்துகளின் சுழிகளில் மை அடைத்துக்கொண்டால் படிக்க முடியாது.

4. நிறம் பிரித்தல்

ஓவியத்தை ஜெராக்ஸ் கடையில் 71 சதவீதத்துக்குக் குறைத்துக் கலர் நகல் எடுங்கள். அதன்மேல் ட்ரேசிங் ஷீட்டை வைத்து, ஒரு நிறத்துக்கு ஒரு ஷீட் என்று மூன்று போடுங்கள். எந்த நிறமாக இருந்தாலும் ஷீட்டில் கறுப்பில்தான் வரைய வேண்டும். இதைத்தான் பாசிட்டிவ் என்கிறோம். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கறுப்பில் வெளிச்சம் கசிந்தால் இன்னொரு பூச்சு. கசியும் இடத்தில் எமல்ஷன் பாதி வெந்து, மை போகாமல் அடைக்கும்.

படத்துக்கு வெளியே மூன்று இடங்களில் கூட்டல் குறி போடுங்கள். மூன்று ஷீட்டிலும் அவை ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டும்.

கையால் எவ்வளவு கவனமாக அச்சிட்டாலும் அரை மி.மீ. நகரும். அதற்கு இங்கேயே இடம் விடுங்கள். இலையில் மஞ்சளை நீலத்தைவிட 0.5 மி.மீ. உள்ளடக்கி வரைந்தால், சுற்றிலும் மெல்லிய நீல ஓரம் வரும். வேண்டுமென்றே போட்ட கோடு போல அமைந்துவிடும். இரண்டையும் ஒரே அளவாக வரைந்தால், ஒரு பக்கம் மஞ்சள் எட்டிப் பார்க்கும். தோளின் சிவப்பைப் பழத்தின் விளிம்பிலிருந்து 1 மி.மீ. உள்ளே நிறுத்துங்கள்.

ஒரு எச்சரிக்கை: இரண்டைக் கையால் வரைந்து, மூன்றாவதை லேசர் பிரிண்ட் எடுக்காதீர்கள். லேசர் சூட்டில் ஷீட் சற்றே சுருங்கும். மூன்றும் ஒரே வழியில் வர வேண்டும்.

5. எமல்ஷன் பூசுதல்

புது மெஷ்ஷாக இருந்தாலும் பாத்திரம் துலக்கும் திரவத்தால் இருபுறமும் தேய்த்துக் கழுவுங்கள். எண்ணெய்ப் பசை இருக்கும் இடத்தில் எமல்ஷன் ஒட்டாது. கடைசிக் கழுவலுக்குப் போர் தண்ணீர் வேண்டாம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் போர் தண்ணீரில் பல இடங்களில் உப்பு அதிகம், காய்ந்ததும் மெஷ்ஷில் வெள்ளைப் பூத்துவிடும். வீட்டில் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் வந்தால் அதில் ஒரு குடம் போதும்.

இரவில், மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பூசுங்கள். தாளைத் தொடும் வெளிப்பக்கம் ஒரு முறை, மை ஊற்றும் உட்பக்கம் ஒரு முறை. பால் போல மெல்லிய, சமமான படலம் போதும். தடிமனாகப் பூசினால் உறுதியாக நிற்கும் என்று நினைப்பது தவறு; உள்ளே வேகாமல் கழுவும்போது தோலாக உரியும்.

வெளிப்பக்கம் கீழே பார்க்க, நான்கு மூலையில் முட்டுக் கொடுத்துப் படுக்கை வாட்டில் இருட்டில் காயவையுங்கள். விடியும்வரை விட்டுவிடுவது பாதுகாப்பு. சித்திரை, வைகாசியில் சிமெண்ட் ஷீட் கூரைக்கு அடியில் பகலெல்லாம் வைக்காதீர்கள். அந்தச் சூட்டிலேயே எமல்ஷன் இறுகிவிடும், பிறகு படம் திறக்காது. கிரானைட் பட்டறைக்கோ மண் சாலைக்கோ பக்கத்து வீடென்றால் ஜன்னலைச் சாத்துங்கள். ஒவ்வொரு தூசியும் ஒரு ஊசித்துளை.

6. எக்ஸ்போஸ்

பூசிய ஸ்க்ரீனில் வெளிச்சம் காட்டிப் படத்தைப் பதிப்பதுதான் எக்ஸ்போஸ். அடியில் பிரேம் உயரத்துக்கு ஸ்பாஞ்ச், அதன்மேல் கறுப்புத் துணி, அதன்மேல் ஸ்க்ரீன் (வெளிப்பக்கம் மேலே), பாசிட்டிவ், கண்ணாடி. பாசிட்டிவின் மை பூசிய பக்கம் எமல்ஷனைத் தொட வேண்டும். நடுவில் ஷீட்டின் தடிமன் வந்தால்கூட வெளிச்சம் பக்கவாட்டில் நுழைந்து மெல்லிய கோட்டைத் தின்றுவிடும்.

எழுத்து திரும்பி விழுமோ என்ற பயம் எல்லோருக்கும் வரும். இப்படி வைத்தால், மேலிருந்து பார்க்கையில் எழுத்து இடவலமாகத் தெரியும். அதுதான் சரி. பிரேமைப் புரட்டி உட்பக்கத்திலிருந்து பார்த்தால் நேராக இருக்கும்.

எத்தனை வினாடி? எமல்ஷன், விளக்கு, பருவம் மூன்றையும் பொறுத்து மாறும். இன்னொருவர் சொன்ன எண் உங்களுக்கு உதவாது. ஒரு ஸ்க்ரீனைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். மெல்லிய கோடுகள் வரைந்த ஷீட்டை வைத்து, அட்டையால் மூடிக்கொண்டே வந்து, ஐந்து பட்டைகளுக்கு வேறு வேறு நேரம் கொடுங்கள். வெயிலென்றால் 15, 30, 45, 60, 90 வினாடி என்று தொடங்கலாம். கழுவும்போது உட்பக்கம் வழவழவென்று கரைந்தால் நேரம் போதவில்லை. மெல்லிய கோடு திறக்கவே மறுத்தால் நேரம் அதிகம். இரண்டுக்கும் நடுவில் உள்ள பட்டைதான் உங்கள் எண். பிரேமிலேயே எழுதி வையுங்கள். வெயிலில் செய்தால் தினமும் ஒரே மணிக்குச் செய்யுங்கள். மேகம் வந்து போகும் நாளில் தொடவே வேண்டாம்.

உடனே இருபுறமும் தண்ணீரால் நனைத்து, ஒரு நிமிடம் விட்டு, மெல்லிய பாய்ச்சலில் கழுவுங்கள். காய்ந்ததும் வெளிச்சத்தில் பிடித்து, ஊசித்துளைகளைத் தூரிகையால் எமல்ஷன் தொட்டு அடையுங்கள். அடைத்தபின் ஸ்க்ரீனை மீண்டும் சற்று நேரம் வெயிலில் காட்ட வேண்டும். இல்லையென்றால் அடைத்தது மையோடு கரைந்துவிடும். ஓரங்களில் பிரவுன் டேப்.

7. பலகையில் இடம் பிடித்தல்

ஸ்க்ரீனைக் கீலில் மாட்டி, மெஷ்ஷுக்கும் தாளுக்கும் 2–3 மி.மீ. இடைவெளி வரும்படி பிரேமின் முன்னும் பின்னும் அட்டைத் துண்டு வையுங்கள். இடைவெளி இல்லாவிட்டால் மெஷ் தாளோடு ஒட்டிக்கொண்டு எழும்; ஓரம் பிசிறும்.

பலகையில் ஓ.எச்.பி. ஷீட் (ஊடுருவித் தெரியும் பிளாஸ்டிக் தாள்) ஒன்றை ஒரு பக்கம் மட்டும் டேப் போட்டு ஒட்டி, முதலில் அதன்மேல் அச்சிடுங்கள். அடியில் A5 தாளை நுழைத்து, படம் சரியான இடத்தில் தெரியும்வரை நகர்த்துங்கள். தாளை அசைக்காமல் ஷீட்டை மடக்கிவிட்டு, நீளப் பக்கத்தில் இரண்டு, குட்டைப் பக்கத்தில் ஒன்று என மூன்று தடுப்புகள் ஒட்டுங்கள். தடுப்பு அச்சிடும் தாளின் துண்டாகவே இருக்கட்டும். அதைவிடத் தடிமனாக இருந்தால் மெஷ் அங்கே தூக்கிக்கொள்ளும். இரண்டாம், மூன்றாம் நிறத்துக்கும் இதே ஷீட் வித்தைதான், ஆனால் அப்போது அடியில் வைப்பது முந்தைய நிறம் விழுந்த தாள்.

இரண்டு விஷயம் இங்கே தவறிப்போகும். ஒன்று, தாளை விரித்து வெளிப்பக்கத்தைப் பார்க்கையில் படம் வலது பாதியில் வர வேண்டும். இடது பாதியில் அடித்தால் அட்டை பின்னாலிருந்து திறக்கும். இன்னொன்று, எந்த மூலையைத் தடுப்பில் முட்டினீர்களோ அதே மூலைதான் மூன்று நிறத்துக்கும். வெட்டிய தாள்கள் அரை மி.மீ. முன்பின்னாகத்தான் இருக்கும். 65 தாளிலும் அந்த மூலையின் பின்பக்கம் பென்சில் புள்ளி வையுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் ரிஜிஸ்டர் (நிறங்கள் ஒன்றோடொன்று பொருந்துவது) விலகுவதில் பாதி இந்தப் புள்ளி இல்லாததால் வருகிறது.

8. அச்சிடுதல்

மஞ்சள், சிவப்புக்கு ஒரு பங்கு அக்ரிலிக், இரண்டு பங்கு மீடியம். நீலம் அடர்த்தியானது, மீடியத்தைக் கூட்டிக்கொண்டே போய், ஒட்டி வைத்த மாதிரித் துண்டோடு ஒப்பிடுங்கள். ஒரு நிறத்துக்கு 100 மி.லி. கலக்குங்கள். மிஞ்சும், பரவாயில்லை. நாற்பதாவது தாளில் தீர்ந்தால் அதே நிறத்தை மறுபடி கலக்க யாராலும் முடியாது.

மின்விசிறியை நிறுத்துங்கள். வியர்வையைத் துடைத்துக்கொண்டே செய்ய வேண்டியதுதான். காற்று பட்டால் மெஷ்ஷில் மை காய்ந்து கோடுகள் அடையும். கோடையில் விடியற்காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடித்துவிடுவது நடைமுறை.

முதலில் ஸ்க்ரீனைத் தூக்கிப் பிடித்து, அழுத்தாமல் ஸ்குவீஜியால் மையைப் படத்தின் மேல் பரப்புங்கள். பிறகு இறக்கி, சுமார் 70 பாகைச் சாய்வில், இரு கையும் ஒரே அழுத்தமாக, நிறுத்தாமல் உங்களை நோக்கி இழுங்கள். தூக்கியதும் உடனே மறுபடி பரப்பிவிடுங்கள். துளைகளில் ஈர மை நிற்கும்வரை அடைப்பு வராது. முதல் பத்து செய்தித்தாளில். பிறகு நல்ல தாள்.

ஓரம் கசிந்தால்: மை நீர்த்திருக்கிறது, அல்லது ஒரே தாளில் இரண்டு முறை இழுத்திருக்கிறீர்கள். நடுவில் வெளிறினால்: ஸ்குவீஜி ரப்பர் நடுவில் தேய்ந்திருக்கிறது. போகப் போகக் கோடு மெலிந்தால்: மை காய்கிறது, லேசாகத் தண்ணீர் தெளித்து, செய்தித்தாளில் மூன்று இழுப்பு இழுத்துவிட்டுத் தொடருங்கள்.

65 தாளிலும் மஞ்சள் முடிந்த பிறகே சிவப்பு. நடுவில் ஐந்து தாளில் மட்டும் மூன்றையும் அடித்துப் பார்க்கும் ஆசை வரும். கீலைக் கழற்றினால் அந்த இடம் திரும்பக் கிடைக்காது. ஒரு நிறத்துக்கும் அடுத்த நிறத்துக்கும் நடுவே, தாள்களை அதே அறையில் வைத்திருங்கள். ஈரப்பதம் மாறினால் தாளே நீண்டு சுருங்கும். கொடியில் கிளிப் போட்டுக் காயவைக்கலாம், அச்சில்லாத பாதியைப் பிடித்து.

9. கழுவுதல்

மிஞ்சிய மையை அட்டையால் வழித்து டப்பாவில் போடுங்கள். மெஷ்ஷைச் செய்தித்தாளால் ஒற்றிவிட்டு, உடனே இருபுறமும் கழுவுங்கள். சாப்பிட்டுவிட்டு வந்து கழுவலாம் என்று போனால் அந்த ஸ்க்ரீன் அவ்வளவுதான்.

வேறு படத்துக்காக எமல்ஷனை எடுக்கும்போது, ரிமூவர் திரவத்தை இருபுறமும் தடவி இரண்டு மூன்று நிமிடத்தில் தேய்த்துக் கழுவிவிட வேண்டும். ரிமூவர் மெஷ்ஷிலேயே காய்ந்தால் எமல்ஷன் நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

10. மடிப்பும் கட்டும்

மூன்றாம் நிறம் நன்றாகக் காய்ந்த பிறகே மடிப்புத் தடம் போடுங்கள். முன்பே போட்டால் அந்தப் பள்ளத்தில் மை தேங்கும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவும் ஸ்டீல் ஸ்கேலும் போதும். தடம் வெளிப்பக்கத்தில், புடைப்பு உள்ளே வரும்படி மடியுங்கள். புறமாக மடித்தால் தாள் கிழிசல் காட்டும்.

அட்டையைக் கவரில் போடும் முன் ஒரு நாள் திறந்து வையுங்கள். தொடும்போது காய்ந்த மாதிரி இருக்கும் அக்ரிலிக், கட்டி அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கோடையில் இன்னும் அதிகம். கட்டாயம் அடுக்க வேண்டுமானால் நடுவே பட்டர் பேப்பர் வையுங்கள்.

கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி வழக்கமாக ஜூன் வாக்கில் நடக்கும். அந்த நேரத்துக்கு அட்டை வேண்டுமென்றால் ஏப்ரலிலேயே பாசிட்டிவ் தயாராக இருக்கட்டும். மே மாத மதியங்களில் எமல்ஷனும் மையும் சொன்னபடி கேட்காது. மூன்று பாசிட்டிவையும் சுருட்டாமல், நிற வரிசை, எக்ஸ்போஸ் வினாடி, மைக் கலவை அளவு மூன்றையும் எழுதிய மாதிரித் துண்டோடு ஒரே கவரில் போட்டு வையுங்கள். அடுத்த வருடம் அதே அட்டைக்கு ஐந்தாம் படியிலிருந்து தொடங்கலாம்.